பாவு முடியும்வரை ஒரு பிரிண்டிங் கடை

ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது மையைத் துணியில் மட்டும் படவைக்கும் தொழில் என்று சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்கள். மூக்கிலும் முழங்கையிலும் சாப்பாட்டு டப்பா மூடியிலும் படுவதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தனியாகக் கடை போட்டுத் தனியாகவே அல்லாடுகிறவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் செல்வி. ஊர் வெம்பாக்கம் பக்கம். செய்யாரில் ஒரு ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் லைனில் இருந்தேன். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ், நடுவில் முழுக்கப் பசை. அந்தப் பசை வாசனையில் தலைவலி வந்து, இனிமேல் யாருடைய வாசனையும் வேண்டாம் என்று வேலையை விட்டேன். பிரிண்டிங் கற்றுக்கொண்டு, ஆரணியை ஒட்டிய சேவூரில், ஒரு நெசவாளர் வீட்டின் பக்கவாட்டு அறையை வாடகைக்குப் பிடித்தேன். வெறும் டி-ஷர்ட்டும் துணிப்பையும் வாங்கி வைத்து, கேட்கிறவர்களுக்குக் கேட்டதை அடித்துக் கொடுக்கிறேன். கடைக்கு 'ஓராள் பிரிண்ட்ஸ்' என்று பெயர். பெயரிலேயே சொல்லிவிட்டால் வருகிறவர்கள் வேறு ஆள் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கேட்கிறார்கள்.

ஓனரைக் கூப்பிடுங்க

ஒரு கிரிக்கெட் டீமின் கேப்டன் வந்தார். வாசலில் நின்றபடியே ஓனரைக் கூப்பிடச் சொன்னார். நான்தான் என்றேன். சரி, டிசைன் போடுகிறவரை வரச் சொல்லுங்கள் என்றார். அதுவும் நான்தான் என்றேன். அப்படியானால் அடிக்கிற மாஸ்டர்? அவரும் நான்தான். கேப்டன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சுவரோரம் சாத்தியிருந்த, வலை கட்டிய பிரேம்களுக்கு இடையில் யாராவது ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகம் அவர் முகத்தில் இருந்தது.

நம்மைப் போன்றவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்போம். சிலர் இதற்காகவே உள்ளே போய், குரலை மாற்றிப் பேசிவிட்டு வெளியே வருவார்கள் என்று கேள்வி. எனக்கு அந்தத் திறமை கிடையாது. கேப்டன் அரை மனதோடு ஆர்டரைக் கொடுத்துவிட்டு பைக் வரைக்கும் போனார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

“அப்ப உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா, லீவு யார்கிட்டக்கா சொல்லுவீங்க?”

வியாபாரியின் மூக்கு

வீட்டுக்காரர் கஸ்தூரி அக்கா. கைத்தறியில் பட்டுப்புடவை நெய்கிறவர். அவருடைய தறிக்கும் என் பிரிண்டிங் பலகைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் பிரேமைத் துடைக்க மண்ணெண்ணெயும் தின்னரும் பயன்படுத்துவேன். டி-ஷர்ட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பட்டு அப்படி இல்லை. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும். அக்காவுக்கு நூல் கொடுத்துப் புடவையை வாங்கிக்கொள்ளும் வியாபாரி ஒருநாள் புடவையை விரித்தார், ஓரத்தை மூக்குக்குக் கொண்டுபோனார், அப்படியே மடித்துவிட்டார். முகூர்த்தப் புடவையில் ஸ்டவ் வாசனை வந்தால் யார் வாங்குவார்கள் என்று கேட்டாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். சத்தம் போடுகிறவராக இருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னதால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் வீட்டைக் காலி செய்யத் தேதி கொடுப்பார்கள். இங்கே பாவு கொடுப்பார்கள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவில் சில புடவைகள் நெய்யலாம். நெய்கிறவரின் கை வேகத்தைப் பொறுத்து அது மாதக்கணக்கில் ஓடும், அல்லது சீக்கிரமே தீர்ந்துவிடும்.

“வாசனைக்கு நான் இன்னாம்மா பண்றது? தறியில இருக்கற பாவு முடியற வரைக்கும் இரு. அதுக்கப்புறம் வேற எடம் பாத்துக்கோ.”

ஜன்னலோர சீட்

இந்த விஷயத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா கூலி வேலைக்குப் போகிறவள். மாதாமாதம் ஒரே தேதியில் சம்பளம் வருகிற வேலையை ஒருத்தி தானாகவே விட்டுவிட்டு வருவாள் என்பதை அவளால் இன்றுவரை நம்ப முடியவில்லை. கம்பெனியில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். பழைய சூப்பர்வைசர் என்னை விசாரித்தாராம். பஸ் இன்னும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறதாம். அது என்னமோ எனக்காகவே தினமும் சுற்றிக்கொண்டு போவதைப் போல அம்மா சொன்னாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த அறை போனால் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதை வெளியில் காட்டாமல், இங்கே எனக்குச் சொந்தமாக ஓர் அறை இருக்கிறது, அதில் என் இஷ்டப்படி வேலை செய்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஜன்னல் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன்.

“பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து காத்தாட போவலாம். ஜன்னலே இல்லாத எடத்துல இன்னாடி சொந்தம் வேண்டிக்கெடக்குது?”

பட்டு இல்லாத கட்டடம்

இடம் தேடினேன். டவுன் பஸ்ஸிலும் நடந்தும் ஆரணியைச் சுற்றினேன். முதல் வீட்டில் அறை நன்றாக இருந்தது. பின்கட்டில் பட்டு நூல் மூட்டை இருந்தது. இரண்டாவது இடம் ஒரு பவர்லூம் ஷெட்டின் ஓரம். உள்ளே போகும்போதே, பிரிண்டிங்கா, வேண்டாம்மா என்று கையைக் காட்டிவிட்டார்கள். நான் வருவதற்கு முன்னாலேயே மண்ணெண்ணெய் கதை அங்கே வந்து சேர்ந்திருந்தது. இன்னொரு இடத்தில் கீழே டீக்கடை, மாடியில் காலி அறை. இதுதான் என்று நினைத்தேன். டீக்கடைக்காரர் கல்யாண வீடுகளுக்குப் புடவை எடுத்துக்கொடுக்கும் புரோக்கராகவும் இருந்தார். மாடி அறையில்தான் சரக்கை வைப்பாராம்.

பட்டு இல்லாத கட்டடமே இந்த ஊரில் கிடையாதா என்று அலுத்துப்போய் அவரிடமே கேட்டேன். நல்ல மனுஷர். டீயை ஆற்றிக்கொண்டே நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னார்.

“இருக்குதும்மா. பஸ் ஸ்டாண்டு. அங்க வேணா கேட்டுப் பாரு.”

மைக்குக் காற்று ஆகாது

இடத்தை மாற்ற முடியாவிட்டால் வாசனையை மாற்ற வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். தண்ணீரில் கலக்கும் மை ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் வேண்டாம், தின்னர் வேண்டாம், பிரேமைக் குழாயடியில் கழுவிவிடலாம். அதை வரவழைத்தேன். கஸ்தூரி அக்காவை அழைத்துவந்து மோந்து பார்க்கச் சொன்னேன். தன் மூக்குக்கு என் அறை வாசனை பழகிவிட்டது, தன்னை நம்பிப் பிரயோஜனமில்லை என்றார். வியாபாரியின் மூக்குதான் கணக்கு, அவர் அடுத்து வரும்போது தெரியும் என்று போய்விட்டார்.

இந்த மையில் ஒரு பேஜார் உண்டு. வலையில் இருக்கும்போதே காய்ந்துவிடும். காய்ந்தால் வலையின் கண்கள் அடைத்துக்கொள்ளும், எழுத்தில் ஓட்டை விழும். எங்கள் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஃபேன் போடக் கூடாது. கதவைத் திறந்து வைக்கக் கூடாது. அடிக்க ஆரம்பித்தால் நடுவில் நிற்கவும் கூடாது. ஒரு துணியை எடுத்ததும் அடுத்ததைப் பலகையில் மாட்டி ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் மையை விட்டு நகர முடியாது. காய்ந்த பிறகு ஒவ்வொன்றின் மேலும் இஸ்திரி போட வேண்டும், இல்லையென்றால் முதல் தண்ணீரிலேயே போய்விடும். மூக்கைக் காப்பாற்றப் போய் முதுகு போனது.

கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அடிக்கக் கொடுத்த ஒருவர், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன் என்று அடம்பிடித்தார். ஸ்டூல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஃபேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காரணத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மைக்குக் காத்து ஆவாதுன்றீங்க, சரிங்க. எனக்கு ஆவுமே. நான் வெளிய நின்னுகினு இருக்கட்டுமா?”

மாப்பிள்ளையின் மூக்கு

மூக்கு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கல்யாண மாப்பிள்ளையின் நண்பர்கள் அவருடைய முகத்தை டி-ஷர்ட்டில் போடச் சொன்னார்கள். ஒரே கலரில் அடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒரே கலரில் முகம் போட்டால் நிழல் மட்டும்தான் விழும், வெளிச்சம் பட்ட இடம் வெறும் துணியாக நிற்கும் என்றேன். மாதிரி காட்டினேன். சூப்பர் என்றார்கள். அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்துவிட்டார். டி-ஷர்ட்டை என் மேஜைமேல் விரித்து, மூக்கின் வலது பக்கம் எங்கே என்று கேட்டார். நிழல், வெளிச்சம் என்று ஆரம்பித்தேன். பையனை வெயிலில் நிறுத்தினாலும் அவனுக்கு மூக்கு முழுதாகத்தான் இருக்கிறது என்றார். மூக்குக்கு ஒரு கோடு இழுத்துத் தருகிறேன் என்று சமாதானம் செய்தேன். கோடு விழுந்ததும் அந்த அம்மாளின் முகத்தில் திருப்தி வந்தது. ஆனாலும் கிளம்பும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

“பொண்ணு வீட்டுக்காரங்க முழு மூக்கத்தாம்மா பாத்துட்டு சம்மதிச்சாங்க. அப்புறம் பேச்சு வரக்கூடாது பாரு.”

சுவருக்கு அந்தப் பக்கம்

இதற்கிடையில் பாவு குறைந்துகொண்டே வந்தது. தறி ஓடும் சத்தம் சுவர் வழியாக எனக்கு நன்றாகக் கேட்கும். முன்பெல்லாம் அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு வேலை செய்வேன். காலி செய்யச் சொன்ன பிறகு ஒவ்வொரு அடியையும் எண்ண ஆரம்பித்தேன். அக்கா வேகமாக நெய்தால் எனக்கு நாள் குறைகிறது. சத்தம் நின்றால் உயிர் வருகிறது. அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எனக்குத்தான் சந்தோஷம். ஒருமுறை அவருடைய நாத்தனார் வந்திருந்தபோது, நானே போய் முறுக்கு வாங்கிவந்து கொடுத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று உபசாரம் செய்தேன். அடுத்தவர் வீட்டு விருந்தாளியை இப்படித் தாங்கிய ஆள் சேவூரில் நானாகத்தான் இருப்பேன்.

நாத்தனார் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அன்றைக்குத் தறி பொழுது சாய்கிறவரை நிற்கவே இல்லை. அக்கா எழுந்துவந்து என் வாசற்படியில் உட்கார்ந்து கையை நீவிக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. நல்ல மனுஷி, தன் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

“இன்னிக்கு கை நல்லா ஓடிச்சிம்மா. இப்பிடி நெய்ஞ்சி ரொம்ப நாளாச்சி.”

தாய்மாமன் படை

ஏழுமலை என்று ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சரக்கு வேண்டும் என்றார். செய்யாரில் கம்பெனி வேலை. நான் முன்பு போன அதே பஸ்ஸில்தான் போகிறார். தங்கையைச் சேவூரில் கொடுத்திருக்கிறது. தங்கையின் இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்து. முதல் பிள்ளைக்கு இவர் சீர் எடுத்துக்கொண்டு போனபோது, தாய்மாமன் வந்தாரா, நான் பார்க்கவே இல்லையே என்று தங்கையின் மாமியார் நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டாராம். தங்கை அதற்காக அழுதாளாம். இந்தத் தடவை ஒரு வேன் ஆட்கள், எல்லோருக்கும் கருநீல டி-ஷர்ட், நெஞ்சில் வெள்ளையில் 'தாய்மாமன் படை'. கண் தெரியாதவர்களுக்குக்கூடத் தெரிய வேண்டும் என்றார்.

சனிக்கிழமை நான் திணறுவதைப் பார்த்து, கஸ்தூரி அக்கா தறியை நிறுத்திவிட்டுக் கை கொடுக்க வந்தார். அவர் வந்தால் பாவு குறையாது என்ற அற்ப சந்தோஷமும் எனக்கு இருந்தது. டி-ஷர்ட்டுகளைக் கவரிலிருந்து பிரித்து, உதறி, அடுக்கித் தரச் சொன்னேன். அவர் அடுக்க அடுக்க, நான் மாட்டுவதும் இழுப்பதும் கொடியில் போடுவதுமாக நிற்காமல் அடித்தேன். மை காய்ந்துவிடும் என்ற பயத்தில் கண்ணை வலையை விட்டு எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து இஸ்திரி போட முதல் டி-ஷர்ட்டை எடுத்தபோதுதான், கழுத்துக்கு உள்ளே இருக்க வேண்டிய சைஸ் பட்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. தையல் மேலே இருந்தது. அடுத்ததும் அப்படியே. அக்கா ஒன்று விடாமல் உள்பக்கத்தை வெளியே திருப்பி அடுக்கியிருந்தார். 'தாய்மாமன் படை' மொத்தமும் டி-ஷர்ட்டின் உள்பக்கத்தில் விழுந்திருந்தது.

அதே கலரில் வேறு சரக்கு ஊரில் இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அக்காவுக்கு முதலில் என்ன தப்பு என்றே புரியவில்லை. அவருடைய தறியில் நெய்யும்போது புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும், பின்பக்கம்தான் மேலே தெரியும். நல்ல பக்கத்தில் கை அழுக்குப் படாது. அந்தப் பழக்கத்தில் இதையும் பத்திரமாக உள்ளே வைத்துத் தந்திருக்கிறார். புரிந்ததும் அவருக்கும் முகம் விழுந்துவிட்டது.

“நெய்யறப்போ நல்ல பக்கத்த நாங்க பாக்கறதே இல்லியேம்மா. எனக்கு எப்பிடித் தெரியும்?”

உள்பக்கம், வெளிப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழுமலை வேனோடு வந்து நின்றார். உள்ளதைச் சொன்னேன். அவர் டி-ஷர்ட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வேனில் ஹாரன் அடித்தார்கள். தையல் வெளியே தெரிய அப்படியே மாட்டிக்கொண்டார். பின்கழுத்தில் ஆடிக்கொண்டிருந்த பட்டியை, அக்கா தன் தறிக் கத்தரியால் வரிசையாக எல்லோருக்கும் வெட்டிவிட்டார். வேன் போனது. அன்றைக்கு முழுக்க மனதில், அந்த மனுஷனை மறுபடியும் அந்த மாமியார் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே ஏழுமலை திரும்பி வந்தார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். தங்கையின் மாமியார் பக்கத்தில் வந்து, தையலைத் தொட்டுப் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டாராம். கம்பெனிக்காரர்கள் இப்போது இப்படித்தான் போடுகிறார்கள் என்று இவர் அளந்துவிட்டாராம். பந்தி முடிகிறவரை அந்த அம்மாள் பேச்சில் வேறு விஷயமே இல்லையாம். கதை அதோடு நிற்கவில்லை. சாதாரணமாக இந்த மாதிரி டி-ஷர்ட்டை விசேஷம் முடிந்ததும் மடித்து வைப்பார்கள். 'தாய்மாமன் படை' என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு யார் வேலைக்குப் போவது? இதைத் திருப்பிப் போட்டால் வெறும் கருநீலம். மறுநாள் மொத்தப் படையும் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டது. பழைய மையாக இருந்திருந்தால் வேர்வையில் தோலோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் மை துணியோடு துணியாக இருந்ததால் ஒருவருக்கும் உறுத்தவில்லை. நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் புது ஆர்டரோடுதான் அவர் வந்திருந்தார்.

“விசேஷத்துக்கு ஒரு பக்கம், டூட்டிக்கு ஒரு பக்கம். எங்க செட்டு ஆளுங்களுக்கு இனிமே எல்லாத்தையும் உள்பக்கமாவே போட்டுடுங்கக்கா.”

புது வாசனை

ஆர்டர் வந்துவிட்டது, அடிக்கத்தான் இடம் இருக்காது போலிருந்தது. பாவின் கடைசிப் புடவை தறியை விட்டு இறங்கியது. வியாபாரி அதை வாங்க வந்தார். நான் அறைக்குள் நின்று காதைச் சுவரில் வைத்துக்கொண்டேன். புடவை விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த நேரம் அவருடைய மூக்கு எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பொறுக்க முடியாமல் அக்கா வீட்டு வாசலுக்கே போய்விட்டேன்.

அவர் ஓரத்தை மோந்தார், முந்தானையை மோந்தார், நடுவில் பிரித்து ஒருமுறை மோந்தார். தலையை ஆட்டினார். கஸ்தூரி அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். கோர்ட்டில் தீர்ப்பு சொல்வதைப் போல நிதானமாகத்தான் அவர் சொன்னார்.

“மண்ணெண்ண போயிட்சி. இப்ப கருவாட்டுக் கொழம்பு வாசன வருது.”

சாம்பல்

கருவாட்டுக் குழம்பு அக்கா வீட்டுக் குழம்பு. அன்று முழுக்க அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இதுவும் என்னால்தான் வந்தது என்று நினைக்கிறாரோ என்று எனக்குக் கலக்கமாக இருந்தது. மறுநாள் காலையில் தறிச் சத்தம் இல்லை. பாவு முடிந்துவிட்டது. பிரேம்களைச் சாக்கில் கட்டினேன். மை டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். அம்மாவுக்கு போன் செய்து பஸ் இப்போது எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டேன். அவள் சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு, கொடுத்துவிடலாம் என்று அக்கா வீட்டுக்குள் போனேன்.

அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரும் தறிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். புதுப் பாவு வந்திருந்தது. பழைய பாவை முழுவதும் தீரவிடாமல், அதன் நுனி இழைகளில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்ப்பார்கள். பட்டு வழுக்காமல் இருக்க விரலுக்குச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். நான் சாவியை நீட்டிக்கொண்டு நின்றேன். வண்டி பேசியிருக்கிறேன், மத்தியானத்துக்குள் காலி செய்துவிடுகிறேன் என்றேன். அக்கா தலையைத் தூக்கவில்லை, கையையும் நிறுத்தவில்லை.

“ஒவ்வொரு வாசனைக்கும் ஒருத்தர் காலி பண்ணணும்னா, அடுத்து நான்தான் கெளம்பணும். பாவு எங்கம்மா முடிஞ்சிது? பழசோட நுனியிலதான் புதுச பிணைச்சிகினு இருக்கறோம், தெரியல? சாவிய நீயே வச்சிகினு, அந்த சாம்பல இப்பிடித் தள்ளு.”

ஆக, கம்பெனி பஸ்ஸில் நான் இன்னும் ஏறவில்லை. என் எழுத்துதான் தினமும் ஏறிப்போகிறது, அதுவும் டி-ஷர்ட்டின் உள்பக்கமாக, ஒருத்தர் கண்ணிலும் படாமல்.